நாலாவது வாரம்

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, பின்வரிசையில் கைப்பேசியும் கையுமாக உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, வணக்கம்.

பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பிறகு நாடுகள் எப்படி நடந்துகொள்கின்றன என்று பேசப்போகிறேன் என்றதும், ஏற்பாடு செய்த தம்பி தலையைச் சொறிந்தார். "ஐயா, செம்பனை விலை, தமிழ்ப்பள்ளின்னு ஏதாவது பேசலாமே" என்றார். பேசலாம்தான். ஆனால் இந்த விஷயத்தைப் பேச நம் நாட்டில் சுங்கை சிப்புட்டைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. ஏன் என்று அப்புறம் சொல்கிறேன். முதலில் இலங்கைக்குப் போவோம்.

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி தேவாலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், அதோடு கொழும்பில் மூன்று பெரிய ஹோட்டல்கள். எல்லாவற்றிலும் இஸ்லாமியத் தீவிரவாதிகளின் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. 250 பேருக்கு மேல் இறந்தார்கள். மட்டக்களப்பில் இறந்தவர்களில் பலர் ஞாயிறு பள்ளிக்கு வந்த பிள்ளைகள். முதுகில் பையோடு வந்தவனைச் சந்தேகப்பட்டு, உள்ளே விடாமல் முற்றத்திலேயே நிறுத்திய ஒருவர் அந்த இடத்திலேயே உயிரை விட்டார். உள்ளே கூட்டம் நிறைந்திருந்தது. அவன் உள்ளே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

உலகம் உடனே பேசியது. போப்பாண்டவர் ஈஸ்டர் செய்தியிலேயே வருத்தம் தெரிவித்தார். ஐ.நா. பாதுகாப்பு மன்றம் கண்டித்தது. பாரிஸில் ஐஃபெல் கோபுரத்து விளக்குகளை அணைத்தார்கள். அமெரிக்க அதிபர் டிரம்ப் ட்விட்டரில் 138 மில்லியன் பேர் இறந்ததாகப் போட்டு, பிறகு அழித்தார். இலங்கையின் மொத்த ஜனத்தொகையே அதில் ஆறில் ஒரு பங்குதான்! நம் அரசாங்கமும் கண்டித்தது. இந்த முதல் நாள் அறிக்கைகளை நான் குறை சொல்லவில்லை. துக்க வீட்டுக்குப் போனால் நாலு வார்த்தை சொல்லத்தானே வேண்டும். ஆனால் அந்த நாலு வார்த்தையை வைத்து யார் உண்மையான உறவு என்று முடிவுகட்ட முடியாது.

உள்நாட்டில் நடந்த கூத்து வேறு. தாக்குதல் வரப்போகிறது என்று இந்திய உளவுத்துறை ஏப்ரல் 4ஆம் தேதியே எச்சரித்திருந்தது. குண்டு வெடித்த அன்று அதிபர் சிறிசேன சிங்கப்பூரில். பிரதமர் ரணிலோ, எனக்கு யாரும் சொல்லவே இல்லை என்றார். இரண்டு பேருக்கும் அதற்கு முன்பிருந்தே பேச்சுவார்த்தை இல்லாத பகை. ஊரடங்கு போட்டார்கள், முகநூலையும் புலனத்தையும் (வாட்ஸ்அப்) முடக்கினார்கள், அவசரகாலம் அறிவித்தார்கள். சாமர்த்தியமெல்லாம் குண்டு வெடித்த பிறகு வந்தது. பின்னால், 2023 ஜனவரியில், இலங்கை உச்ச நீதிமன்றம் சிறிசேன தன் சொந்தப் பணத்தில் 10 கோடி ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. காவல், உளவுத்துறைத் தலைவர்களுக்கும் கோடிக்கணக்கில் போட்டது. அவ்வளவு பணம் என்னிடம் ஏது என்று சொல்லி, அவர் தவணையில் கட்டினார். தவணையோ மொத்தமோ, ஒரு முன்னாள் அதிபரைக் கட்ட வைத்தார்களே, அந்த நீதிபதிகளுக்கு ஒரு கைத்தட்டு கொடுக்கலாம்.

சரி, என் விஷயம் இனிமேல்தான். ஒரு நாட்டின் குணம் தெரிவது நாலாவது வாரத்தில். கேமராக்காரர்கள் மூட்டைகட்டிப் போயிருப்பார்கள், துக்கம் கோபமாகத் திரிந்திருக்கும்.

இலங்கையில் அந்த நாலாவது வாரம் மே 13ஆம் தேதி வந்தது. மினுவாங்கொடையில் முஸ்லிம்களின் கடைகள் எரிந்தன, ஒரு பாஸ்தா தொழிற்சாலை எரிந்தது. புத்தளம் மாவட்டத்தில் தச்சு வேலை செய்து பிழைத்த ஒருவரை வெட்டிக் கொன்றார்கள். குண்டு வைத்தவனுக்கும் அந்தத் தச்சருக்கும் என்ன சம்பந்தம்? இத்தனைக்கும், தாக்கியவர்களின் உடல்களை எங்கள் மையவாடியில் புதைக்க மாட்டோம் என்று இலங்கை முஸ்லிம் மார்க்க அறிஞர்களின் சபையான ஜம்இய்யத்துல் உலமா முதலிலேயே சொல்லியிருந்தது. ஒரு முஸ்லிம் மேல்கூடக் கை வைக்காதீர்கள் என்று கர்தினால் மல்கம் ரஞ்சித் தொலைக்காட்சியில் கேட்டுக்கொண்டார். தன் மக்களை நூற்றுக்கணக்கில் அடக்கம் செய்த கையோடு அந்த மனிதர் அப்படிப் பேசினார். கேட்டவர்கள் கேட்டார்கள், கேட்காதவர்கள் தீ வைத்தார்கள்.

அதே வருஷம் மார்ச் 15, நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச். ஒரு வெள்ளை இனவெறியன் இரண்டு பள்ளிவாசல்களில் 51 பேரைச் சுட்டுக் கொன்றான். பிரதமர் ஜசிந்தா ஆர்டெர்ன் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு போய் அந்தக் குடும்பங்களைக் கட்டிப் பிடித்ததை எல்லோரும் பார்த்தோம். கொன்றவனின் பெயரை என் வாயால் சொல்ல மாட்டேன் என்றார். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது ஏப்ரல் 10ஆம் தேதி. அதுவும் நாலாவது வாரம்தான். அன்றைக்கு ராணுவ பாணித் துப்பாக்கிகளைத் தடை செய்யும் சட்டம் அவர்கள் நாடாளுமன்றத்தில் 119க்கு 1 என்று நிறைவேறியது. எதிர்க்கட்சியும் சேர்ந்து கை தூக்கியது.

நம் நாட்டுக்கு வருவோம். மினுவாங்கொடை எரிந்த அதே 2019 மே 13ஆம் தேதி, நம் காவல்துறை ஒரு செய்தி வெளியிட்டது. ஐ.எஸ். பயங்கரவாத அமைப்போடு தொடர்புள்ள நாலு பேரைப் பிடித்திருக்கிறோம், கோயில்களையும் தேவாலயங்களையும் தாக்கத் திட்டம் போட்டிருந்தார்கள் என்று. காரணம், சீஃபீல்ட் மாரியம்மன் கோயில் கலவரத்தில் காயப்பட்டு இறந்த தீயணைப்பு வீரருக்காகப் பழி வாங்குவதாம். தோட்டத்து மக்கள் கட்டிய கோயில், ஒரு நிலப் பிரச்சினை, ஓர் இளைஞரின் சாவு, அதை இழுத்து ஐ.எஸ். கணக்கில் சேர்க்கப் பார்த்தார்கள். அந்தத் தேதிக்கும் சரியாக ஐம்பது வருஷம் முன்னால் கோலாலம்பூரில் வெடித்த 1969 இனக்கலவரத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2019இல் இங்கே ஒன்றும் எரியவில்லை. திட்டம் போட்டவர்களை முன்கூட்டியே பிடித்த அதிகாரிகளுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

இப்போது நம்ம ஊர். 1948 ஜூன் 16, காலை எட்டரை. எல்ஃபில் தோட்டத்து ஆபீசுக்குக் கம்யூனிஸ்ட் ஆட்கள் மூன்று பேர் சைக்கிளில் வந்தார்கள். உள்ளே இருந்த தோட்ட மேலாளர் வாக்கர் துரையைச் சுட்டுவிட்டு, வந்த சைக்கிளிலேயே போனார்கள். கொஞ்ச நேரத்தில் பக்கத்துத் தோட்டமொன்றில் அலிசன், கிறிஸ்டியன் என்ற இரண்டு துரைமார்களும் செத்தார்கள். மூன்று கொலை. இரண்டே நாளில் மலாயா முழுக்க அவசரகாலம். அது 1960 ஜூலை வரை, 12 வருஷம் நீடித்தது.

அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் என்னவெல்லாம் வந்தது? உங்கள் பையில் இருக்கும் ஐசி அப்போது பிறந்ததுதான். 12 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் அடையாள அட்டை என்றார்கள். சுமார் 5 லட்சம் பேரைப் பெயர்த்துக்கொண்டுபோய் முள்வேலிக்குள் புதுக்கிராமங்களில் வைத்தார்கள், பெரும்பாலும் சீனர்கள். தோட்டத்து லயங்களுக்கும் வேலி வந்தது. காட்டில் இருக்கும் கம்யூனிஸ்ட்டுகளுக்கு அரிசி போய்விடும் என்ற பயத்தில், சில இடங்களில் அரிசியே விற்கவில்லை. பொதுவில் ஆக்கி, வெந்த சோறாகத்தான் கொடுத்தார்கள். சோறு ஊசிப்போகும், கடத்த முடியாது, அதுதான் கணக்கு. தொழிற்சங்கத் தலைவர் மலாயா கணபதியை 1949 மே 4இல் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். உயிரை விட்டுவிடுங்கள் என்று இந்திய அரசு கேட்டும் பிரிட்டிஷ்காரன் கேட்கவில்லை. சுட்டவர்கள் சுட்ட நேரம் சில நிமிஷம். அதற்குக் கூலி கொடுத்தது பால் மரம் வெட்டிய நம் ஜனங்களும் சேர்த்துத்தான்.

அவசரகாலம் முடிந்த கையோடு அதன் தடுப்புக்காவல், விசாரணையில்லாமல் அடைத்து வைக்கும் 'இசா' என்ற உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமாக மாறியது. 2012இல் 'இசா' போய், பாதுகாப்புக் குற்றங்களுக்கான 'சொஸ்மா' சட்டம் வந்தது. 28 நாள் வரை நீதிமன்றத்துக்குக் கொண்டுவராமல் வைத்திருக்கலாம். கோயிலைத் தாக்க நினைத்தவர்களைப் பிடித்ததும் அந்தச் சட்டத்தில்தான். 2019 அக்டோபரில் விடுதலைப்புலித் தொடர்பு என்று சொல்லி நம் ஆட்கள் 12 பேரைப் பிடித்ததும் அதில்தான். அதில் இரண்டு பேர் சட்டமன்ற உறுப்பினர்கள். நாலு மாசம் கழித்து, 2020 பிப்ரவரியில், சட்டத்துறைத் தலைவர் குற்றச்சாட்டுகளைக் கைவிட்டார். அந்த நாலு மாசத்தை அவர்கள் பிள்ளைகுட்டிகளுக்கு யார் திருப்பித் தருவது? குண்டு வைப்பவனைப் பிடிக்கச் சட்டம் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. பிடித்தவனைச் சட்டென்று நீதிபதி முன்னால் நிறுத்தவும் வேண்டும். அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் சாலை, சாக்கடையோடு இதையும் சேர்த்துக் கேளுங்கள்.

நேரம் ஆகிவிட்டது, தம்பி கடிகாரத்தைக் காட்டுகிறார். கேள்வி கேட்பதற்கு முன்னால், லயத்துக்கு வேலி போட்ட காலத்தில் சின்னப் பிள்ளையாக இருந்த பாட்டி ஒருவர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். நான் படித்துச் சொன்னதை அவர் பார்த்துச் சொல்வார். அவர் பேசட்டும், அப்புறம் தேத்தண்ணி குடிக்கலாம்.