ஆட்டத்துக்கு வரலாம், வாதத்துக்கு வரக்கூடாது

வணக்கம். ஆப்பிரிக்க இசை, நடனம், அறிவுலகம் இந்த மூன்றும் சேர்ந்த ஒரு விழாவைப் பற்றிப் பேசுங்கள் என்று கேட்டார்கள். எனக்கு உடனே தோன்றியது லாகோஸ்தான். 1977 ஜனவரி 15 முதல் பிப்ரவரி 12 வரை, நைஜீரியாவின் அன்றைய தலைநகரில் நடந்த ஃபெஸ்டாக். கறுப்பின, ஆப்பிரிக்கக் கலை பண்பாட்டுக்கான இரண்டாவது உலக விழா என்று நீளமான பெயர் உண்டு, அதையெல்லாம் யாரும் சொல்வதில்லை, ஃபெஸ்டாக் என்றால் போதும். ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்தும் சமூகங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கான கலைஞர்கள் வந்து இறங்கினார்கள். ஸ்டீவி வொண்டர் வந்தார், மிரியம் மகேபா வந்தார், பிரேசிலிலிருந்து ஜில்பெர்டோ ஜில், அமெரிக்காவிலிருந்து சன் ரா தன் பெரிய குழுவோடு. இந்தப் பட்டியலைப் படித்தாலே எனக்குக் கொடுத்த நேரம் தீர்ந்துவிடும்.

ஆனால் நான் சொல்ல வந்தது மேடையைப் பற்றி அல்ல. இந்த விழாவில் ஆட்டத்தாலோ பாட்டாலோ பெரிய தகராறு வரவில்லை. தகராறு வந்ததெல்லாம் கருத்தரங்கில் யார் நாற்காலி போட்டு உட்காரலாம் என்பதில்தான்.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். முதல் விழா 1966 ஏப்ரலில் செனகலின் தலைநகர் டக்காரில் நடந்தது. நடத்தியவர் அந்நாட்டு அதிபர் செங்கோர், அவரே பெரிய கவிஞர். 1930களில் பாரிஸில் படிக்கும்போது எமே செசேர், லியோன் தமாஸ் ஆகியோரோடு சேர்ந்து நெக்ரிட்யூட் என்ற இயக்கத்தைத் தொடங்கியவர். கறுப்பர்களுக்கென்று தனி உணர்வு, தனி அழகியல், தனி நாகரிகம் உண்டு, அதைத் தலைநிமிர்ந்து சொல்வோம் என்பது அதன் சாரம். டக்கார் விழாவுக்கு அமெரிக்க ஜாஸ் இசைமேதை டியூக் எலிங்டன் தன் இசைக்குழுவோடு வந்தார். விழாவை ஒட்டி அறிஞர்கள் கூடி, மக்கள் வாழ்க்கையில் கறுப்பினக் கலைக்கு என்ன இடம் என்று நாள்கணக்கில் பேசினார்கள்.

மூன்று வருடம் கழித்து, 1969 ஜூலையில், அல்ஜீரியா தன் பங்குக்கு ஒரு விழா நடத்தியது. அது வேறு ரகம். பிரான்ஸோடு ஏறத்தாழ எட்டு வருடம் போர் செய்து விடுதலை வாங்கிய நாடு அது. விடுதலைப் போராளிகளையும் அழைத்தார்கள், அமெரிக்காவிலிருந்து கறுப்பர் உரிமைக்குப் போராடிய கறுஞ்சிறுத்தைகள் கட்சிக்காரர்களும் வந்தார்கள், ஆர்ச்சி ஷெப் என்ற சாக்சஃபோன் கலைஞர் சகாராவின் துவாரெக் இசைஞர்களோடு கூடவே நின்று ஊதினார். கருத்தரங்கிலோ செங்கோரின் தத்துவத்தைப் போட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார்கள். தோலின் நிறத்தைப் பாடுவதால் யாருடைய வயிறும் நிறையாது, நமக்கு வேண்டியது விடுதலை என்பதுதான் அவர்கள் வாதம்.

ஆக, லாகோஸில் மூன்றாவது முறை கூடும்போது கேள்வி முற்றிப்போயிருந்தது. எகிப்தும் அல்ஜீரியாவும் மொராக்கோவும் ஆப்பிரிக்காவில்தான் இருக்கின்றன, ஆனால் அங்கே பெரும்பாலும் அரபு பேசுகிறவர்கள். அவர்கள் இந்த விழாவில் யார்? செனகல் சொன்ன பதிலைக் கேளுங்கள்: விழாவுக்கு வரட்டும், கருத்தரங்கில் மட்டும் பார்வையாளர்களாக இருக்கட்டும், அது கறுப்பின நாகரிகத்தைப் பற்றியது. அதாவது ஆடலாம், பாடலாம், வாய் திறந்து வாதாடக் கூடாது. நைஜீரியா ஒத்துக்கொள்ளவில்லை. அதன் வடபகுதியில் பெரும்பாலும் முஸ்லிம்கள், கையில் எண்ணெய்ப் பணம், கண்டத்துக்கே தலைமை தாங்க வேண்டும் என்ற ஆசை வேறு. ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பில் உறுப்பினராக இருக்கிற நாடு எதிலும் முழுப் பங்கு பெறும் என்று அடித்துச் சொல்லிவிட்டது. செனகல் புறக்கணிப்பு மிரட்டல் விட்டது. செனகலைச் சேர்ந்த விழாப் பொதுச்செயலாளர் அலியூன் ஜோப் பதவியிழந்தார். கடைசியில் நின்றது நைஜீரியாவின் சொல்தான்.

இங்கே நம் ஊர்ச் செய்தி ஒன்று. இதே செங்கோர் 1974இல் இந்தியாவுக்கு வந்தபோது சென்னையில் நெக்ரிட்யூடும் திராவிடப் பண்பாடும் என்ற பொருளில் உரையாற்றினார். திராவிட மொழிகளுக்கும் ஆப்பிரிக்க மொழிகளுக்கும் உறவுண்டு என்று உறுதியாக நம்பியவர் அவர். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அந்த உறவை ஏற்கவில்லை. அது கிடக்கட்டும், கடல் தாண்டி மதராஸில் பங்காளி தேடிய மனிதர் பக்கத்திலிருக்கும் அல்ஜீரியாவுக்கு ஒரு நாற்காலி தர யோசித்தார் என்பதுதான் எனக்கு வேடிக்கை.

சரி, நாற்காலி கிடைத்து உட்கார்ந்தவர்கள் என்ன பேசினார்கள்? பொருள்: கறுப்பின நாகரிகமும் கல்வியும். மொழி, தத்துவம், மதம், அறிவியல், ஆட்சிமுறை, ஊடகம் என்று கிளைகள். வெள்ளைக்காரன் எழுதித் தந்த பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு நம் பிள்ளைகளுக்கு நம்மைப் பற்றி எப்படிச் சொல்வது என்பதுதான் அடிப்படைக் கவலை. நாம் அதைக் கேட்டுத் தலையாட்டலாம், நமக்கும் தெரிந்த கவலைதானே. அந்தக் கட்டுரைகள் 1986இல் பத்துத் தொகுதிகளாக வந்தன.

அப்புறம் அந்த முகமூடி. விழாவின் சின்னமே அதுதான். இன்றைய நைஜீரியாவுக்குள் இருந்த பழைய பெனின் அரசின் இராஜமாதா இடியாவின் முகம், 16ஆம் நூற்றாண்டில் யானைத் தந்தத்தில் செதுக்கியது. ஒரு சாணைவிடக் கொஞ்சம் கூடுதல் உயரம். அரசர் சடங்குகளில் இடுப்பில் கட்டிக்கொள்வது. நெற்றியில் இரண்டு கோடுகள், அவற்றில் இரும்பு பதித்திருக்கிறார்கள். தலையைச் சுற்றிக் கிரீடம் மாதிரி ஒரு வரிசை தெரியும், உற்றுப் பார்த்தால் அது பூ வேலை இல்லை, தாடி வைத்த குட்டிக் குட்டிப் போர்ச்சுக்கீசியத் தலைகள். 1897இல் பிரிட்டிஷ் படை பெனினைக் கொளுத்திச் சூறையாடியபோது போனது, இன்றைக்கு லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விழாவுக்காகக் கொஞ்ச நாள் தாருங்கள் என்று நைஜீரியா கேட்டது. பழைய தந்தம், பயணம் தாங்காது என்று கைவிரித்துவிட்டார்கள். பெனின் சிற்பி ஒருவர் அதே மாதிரி செதுக்கிக் கொடுத்தார், அதை வைத்துத்தான் விழா நடந்தது. சுவரொட்டி, துணி, எங்கே பார்த்தாலும் அந்த முகம். லண்டனில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்ததை ஆப்பிரிக்கா முழுக்கத் தெரிய வைத்தது அந்த மறுப்புதான் என்று நான் சொல்வேன்.

விழாவில் எல்லாமே ஒழுங்கு என்று நினைத்துவிடாதீர்கள். வடக்கே கடுனாவில் அமீர்களின் குதிரைப்படை அணிவகுத்த தர்பார் பிரமாதம் என்றார்கள். ஆனால் அந்தத் தர்பார் வடிவத்தை நைஜீரியாவுக்குக் கொண்டுபோனவர்கள் இந்தியாவில் அதைப் பார்த்துப் பழகிய ஆங்கிலேய அதிகாரிகள். நைஜீரியாவில் கவர்னர் ஜெனரலாக இருந்த லுகார்ட் பிறந்ததே சென்னையில், 1858இல்.

லாகோஸின் மிகப் பெரிய பாட்டுக்காரர் ஃபேலா குட்டியோ ஏற்பாட்டுக் குழுவிலிருந்து விலகிவிட்டார். இராணுவ ஆட்சியின் செலவையும் ஊழலையும் திட்டினார். விழா மேடையில் ஏறாமல் தன்னுடைய ஷ்ரைன் அரங்கிலேயே பாடினார், வெளிநாட்டுக் கலைஞர்கள் அவரைத் தேடி அங்கே போனார்கள். விழா முடிந்தது பிப்ரவரி 12. விருந்தாளிகள் கிளம்பியதும், 18ஆம் தேதி, படைவீரர்கள் அவருடைய வீட்டைச் சூழ்ந்து அடித்து நொறுக்கித் தீ வைத்தார்கள். வயதான அவருடைய தாயை மாடியிலிருந்து தூக்கிப் போட்டார்கள். பெண்களுக்காகவும் விடுதலைக்காகவும் போராடிய ஃபுன்மிலாயோ ரான்சம் குட்டி அவர். அடுத்த வருடம் இறந்தார். ஆப்பிரிக்கப் பண்பாட்டைக் கொண்டாட ஒரு மாதம் செலவழித்த அதே அரசின் படை இது, மறந்துவிட வேண்டாம்.

விழாவுக்காகக் கட்டிய தேசிய அரங்கம் இராணுவ அதிகாரியின் தொப்பி மாதிரி இருக்கும், 2024இல் அதற்கு நோபல் பரிசு பெற்ற நைஜீரிய எழுத்தாளர் வோலே சோயின்காவின் பெயரை வைத்தார்கள். கலைஞர்கள் தங்கக் கட்டிய குடியிருப்பு ஃபெஸ்டாக் டவுன் என்ற பெயரில் இன்று சாதாரண நகர்ப்பகுதி, ஜனங்கள் குடித்தனம் நடத்துகிறார்கள். இந்த உலக விழாக்களின் வரிசையில் மூன்றாவது நடக்க 33 வருடம் ஆனது, 2010 டிசம்பரில், மறுபடி டக்காரில். முகமூடி இன்னும் லண்டனில்தான் இருக்கிறது.