சம்பா ரவையும் சிறுகுடலும்

[காட்சி: தஞ்சாவூரில் ஒரு பரோட்டாக் கடை, இரவு]

மாஸ்டர் மாவை வீசுகிற அழகைப் பாருங்கள். அந்தப் பக்கம் தெரிகிற அளவுக்கு விரிகிறது, ஆனால் கிழியவில்லை. கொழுக்கட்டை மாவை இப்படி வீசினால் கையோடு விண்டு வந்துவிடும். இந்த இழுவைக்குக் காரணம் கோதுமையில் இருக்கிற குளூட்டன் என்ற புரதம். பார்லியிலும் இதன் பங்காளி உண்டு. அரிசியில் கிடையாது.

சிலருடைய உடம்பு இந்தப் புரதத்தை எதிரியாக நினைத்துச் சண்டைக்குப் போகும். அடி விழுவதோ சொந்தச் சிறுகுடலுக்கு. பள்ளிக்கூடத்தில் குடலுறிஞ்சி என்று படித்தோமே, நாற்றங்கால் பயிர் மாதிரி நெருக்கமாக நிற்குமே, அது மழுங்கித் தரையோடு தரையாகிவிடும். அப்புறம் என்ன சாப்பிட்டாலும் சத்து சரியாக உள்ளே ஏறாது. இதுதான் சீலியாக் நோய். வயிற்றுப்போக்கு இருந்தே தீரும் என்றில்லை. மாதக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை விழுங்கியும் தேறாத ரத்தசோகை மட்டுமே சிலருக்கு அடையாளம்.

[காட்சி: கறுப்பு வெள்ளைப் படம், பனி மூடிய தெரு]

நெதர்லாந்தில் டிக்கே என்று ஒரு குழந்தை மருத்துவர். கோதுமை மேல் அவருக்கு முன்பே சந்தேகம். 1944-45 குளிர்காலத்தில் போர்ப் பஞ்சம் வந்து ரொட்டி அற்றுப்போனது. ஊரே பசியில் வாட, சீலியாக் குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பியது, நோயும் திரும்பியது. 1950-ல் கோதுமைக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பை ஆய்வேடாகவே எழுதிவிட்டார்.

சரி, மூன்று வேளையும் அரிசியே கதி என்றிருக்கும் டெல்டாவுக்கு இந்தக் கதை எதற்கு?

[காட்சி: இந்திய வரைபடம்]

2016-ல் வந்த ஓர் ஆய்வில் வடக்கு, வடகிழக்கு, தெற்கு என மூன்று பகுதிகளில் 23,331 பேரைச் சோதித்தார்கள். தெற்கில் வேலூர்ப் பக்கம். இந்த நோயில் உடம்பு சண்டைக்காக ரத்தத்தில் உண்டாக்குகிற ஆன்டிபாடி வடக்கில் 1.23 சதவீதம் பேரிடம் இருந்தது, தெற்கில் 0.10 சதவீதம். ஆனால் நோய்க்கு இடம் கொடுக்கிற மரபணு மூன்று பகுதியிலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவரிடம் இருந்தது. வித்தியாசம் தட்டில்தான்: வடக்கே ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட்டார், தெற்கே 25 கிராம். ஒரு சப்பாத்திக்கு ஆகிற மாவு!

ஆக, நமக்குப் பிறவிக் கவசம் எதுவும் இல்லை. கோதுமை அதிகம் வந்து சேரவில்லை, அவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இப்போது வருகிறது. சர்க்கரை என்று டாக்டர் சொன்ன மறுநாளே ராத்திரிச் சோறு போய்ச் சப்பாத்தி வந்துவிடுகிறது. காலையில் சம்பா ரவை உப்புமா. டெல்டாக்காரருக்குச் சம்பா என்றால் நெல்தான். பாக்கெட்டில் இருப்பதோ சம்பா கோதுமை.

அதற்காக, சப்பாத்தி சாப்பிட்டு வயிறு உப்புகிறவர்கள் எல்லாரும் சீலியாக் நோயாளிகள் அல்லர். கோதுமையில் ஃபிரக்டான் என்று ஒரு மாவுச்சத்தும் உண்டு. அதுவும் வாயுவைக் கிளப்பும். வெங்காயம், பூண்டிலும் அது இருக்கிறது. குடலுறிஞ்சி மழுங்கியிருந்தாலே சீலியாக் என்றும் சொல்ல முடியாது. வேலூர் மருத்துவர்கள் பல ஆண்டுகள் ஆராய்ந்த வெப்பமண்டல ஸ்ப்ரூ என்ற குடல் நோயும் அப்படித்தான் செய்யும். அதற்கு மருந்து ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்கிளின் என்ற ஆன்டிபயாட்டிக்கும், கோதுமைக்குத் தடை இல்லை.

[காட்சி: ரத்தப் பரிசோதனைக் குழாய்]

சந்தேகம் இருந்தால் முதலில் அந்த ஆன்டிபாடியைத் தேடுகிற டிடிஜி என்ற ரத்தப் பரிசோதனை, பிறகு எண்டோஸ்கோப்பியில் சிறுகுடலிலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பார்ப்பார்கள். அதுவரை கோதுமையை நிறுத்தாதீர்கள். நிறுத்திவிட்டுப் போனால் ஆன்டிபாடி இறங்கிவிடும், குடலும் ஆறத் தொடங்கிவிடும், நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம்.

நோய் உறுதியானால் வாழ்நாள் முழுக்கக் குளூட்டன் கூடாது. இட்லி, சோறு, இடியாப்பம், கேழ்வரகு இருக்கிற ஊரில் இது சுலபம் என்றுதான் நினைப்போம்.

[காட்சி: அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் பெருங்காய டப்பா. கை அதைத் திருப்புகிறது]

கூட்டுப் பெருங்காயம். சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். பல டப்பாக்களில் கோதுமை மாவோ மைதாவோ இருக்கும். சாம்பார், ரசம், மோர் எல்லாவற்றிலும் தினமும் விழுகிற சிட்டிகை இது. அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் கடையில் கிடைக்கிறது, கேட்டு வாங்க வேண்டும்.