கில்லீஸ்: ஒரு ரவுடி பார் சினிமாவுக்குப் போன கதை

நண்பர்களுக்கு வணக்கம். ‘அர்பன் கௌபாய்’ படம் போடுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் பேசச் சொன்னார்கள். படத்தைவிட அதைப் பெற்றெடுத்த பாரைப் பற்றிப் பேசுவதுதான் எனக்குச் சுவாரசியம்.

அமெரிக்காவில், டெக்சஸ் மாநிலத்தில், ஹூஸ்டனை ஒட்டி பாசடீனா என்று ஓர் ஊர். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் ரசாயனத் தொழிற்சாலைகளும் நிறைந்த இடம். அங்கே வெல்டிங் தொழில் தெரிந்த ஷெர்வுட் க்ரையர், பாடகர் மிக்கி கில்லியைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு 1971இல் ‘கில்லீஸ்’ பாரைத் தொடங்கினார். பலகையில் பெயர் கில்லியுடையது. கல்லாவில் உட்கார்ந்தவர் க்ரையர். வில்லங்கம் அங்கேயே ஆரம்பம்! ஒரே இரவில் ஆயிரக்கணக்கானோர் கூடுவார்கள். பாட்டு, ஆட்டம், பீர், அப்புறம் அடிதடி.

பகலில் ஆலையில் ஹெல்மெட் போட்டு உழைத்தவர்கள், இரவில் கௌபாய் தொப்பியோடு வந்தார்கள். அவர்களில் மாடு மேய்த்தவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? கௌபாயை அவர்கள் திரையிலும் ரேடியோவிலும்தான் கற்றுக்கொண்டிருப்பார்கள் என்பது என் எண்ணம். அப்படிப் பார்த்தால், சினிமா இந்த பாரை எடுப்பதற்கு முன்பே இந்த பார் சினிமாவை எடுத்துக்கொண்டுவிட்டது.

காளை, குதிரை மேல் ஏறித் தாக்குப்பிடிக்கும் ‘ரோடியோ’ போட்டி வீரர்கள் பயிற்சிக்கு வைத்திருந்த இயந்திரக் காளை ஒன்றை க்ரையர் கொண்டுவந்து நிறுத்தினார். ஒருவர் ஏறி உட்காருவார், இன்னொருவர் பக்கத்தில் நின்று வேகத்தைக் கூட்டுவார். கீழே மெத்தை. ஆண்கள் வீரம் காட்ட ஏறினார்கள். பெண்களும் ஏறினார்கள். அதில் சிலர் ஆண்களைவிட நன்றாகவே தாக்குப்பிடித்ததுதான் சிக்கல். (சிரிப்பு.) அங்கே பழகி, மணந்து, பிரிந்த ஓர் இளம் தம்பதியைப் பற்றி பத்திரிகையாளர் ஆரன் லேதம் 1978இல் ‘எஸ்குவயர்’ இதழில் எழுதினார். மனைவி காளையை நன்றாக அடக்கியதும் அந்தக் கட்டுரையில் வரும்.

அந்தக் கட்டுரையே 1980இல் ‘அர்பன் கௌபாய்’ படம் ஆனது. டிஸ்கோ ஆடிப் புகழ்பெற்ற நடிகர் ஜான் டிரவோல்டா பூட்ஸ் மாட்டிக்கொண்டார். நாயகி டெப்ரா விங்கருக்கு நட்சத்திர வாழ்வு கிடைத்தது. கில்லீஸ் மேடையில் பாடிக்கொண்டிருந்த ஜானி லீயின் பாட்டு, கண்ட்ரி எனப்படும் அமெரிக்க நாட்டுப்புறப் பாணி இசையின் பட்டியலில் முதலிடம் பிடித்து, பாப் பட்டியலிலும் முதல் ஐந்துக்குள் நுழைந்தது. மாடே பார்க்காத நகரங்களில் தொப்பியும் பூட்ஸும் விற்றன. ஊர் ஊராக பார்களில் இயந்திரக் காளை முளைத்தது. கண்ட்ரி இசையும் கரடுமுரடு குறைந்து பாப்புக்குப் பக்கத்தில் வந்தது. அது எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது, போகட்டும்.

பாரின் கதி? பெயர் அச்சடித்த டி-ஷர்ட்டிலிருந்து பீர் வரை விற்றார்கள். படம் பார்த்துவிட்டு வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கூடினார்கள். பிறகு கூட்டாளிகள் நீதிமன்றம் போனார்கள். 1988இல் க்ரையர் கில்லிக்கு 1 கோடியே 70 லட்சம் டாலர் தர வேண்டும் என்று தீர்ப்பு. 1989இல் பார் மூடப்பட்டது, அடுத்த ஆண்டு தீயில் எரிந்தது.

சரி, படத்தைப் போடலாம். பெரும்பகுதி நிஜ கில்லீஸிலேயே எடுத்தது. டிரவோல்டாவை மட்டும் பார்க்காதீர்கள். பின்னால் நிற்கிற கூட்டத்தையும் பாருங்கள். அதில் பலர் அந்த பாருக்குத் தினமும் வந்துபோனவர்கள்.