ஓட்டைக் கத்தரிக்காயை ஒதுக்காதீர்கள்!

(காட்சி: புதுச்சேரி பெரிய மார்க்கெட், கத்தரிக்காய்க் குவியல்)

இந்தக் கையைப் பாருங்கள். ஒவ்வொரு காயாகத் திருப்பிப் பார்த்து, ஒரு ஓட்டை இருந்தாலும் திரும்பப் போட்டுவிடுகிறது. இந்தக் கைக்கும், கடலூர் பக்கத்துத் தோட்டத்தில் செத்து விழுகிற கருவண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது.

வணக்கம்! காய்கறி விளைய நிலம் வேண்டும், அதற்காகக் காடு குறைந்தது. இது உங்களுக்கே தெரியும். நேராகப் பூவுக்குப் போவோம்.

(காட்சி: கத்தரிப் பூ, மிக அருகில்)

ஊதா இதழுக்கு நடுவில் மஞ்சளாக, கூம்பு மாதிரி நிற்பவை மகரந்தப் பைகள். பல பூக்களில் பை பிளந்து மகரந்தம் வெளியே வந்துவிடும். இதில் பிளக்காது. நுனியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை, அவ்வளவுதான். பூவில் தேனும் கிடையாது. தேனீ வந்து உட்கார்ந்தாலும் அதற்கு இந்தப் பையை உலுக்கத் தெரியாது.

கருவண்டுக்குத் தெரியும்! கூரை மூங்கிலைக் குடைந்து குடியிருக்குமே, அதே வண்டுதான். பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, இறக்கையை விரிக்காமல் மார்புத் தசையை மட்டும் அதிரவிடும். பறக்கும்போது கேட்கிற ரீங்காரத்தைவிடச் சுருதி ஏறும். மிளகுத்தூள் டப்பாவைக் கவிழ்த்து ஆட்டியது போல மகரந்தம் அதன் வயிற்றில் கொட்டும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. காற்று ஆட்டினாலும் கத்தரி காய்க்கும்தான். வண்டு வந்தால் காய் கூடுதலாகப் பிடிக்கும்.

சரி, அந்த ஓட்டைக்கு வருவோம். அது காய்த்துளைப்பான் புழுவின் வேலை. பெரிதாக ஓட்டை தெரிந்தால், புழு வெளியேறிய வாசல் அது! நாம் சொத்தை என்று ஒதுக்குவதால் விவசாயி திரும்பத் திரும்ப மருந்து அடிக்கிறார். புழு காய்க்குள் பத்திரமாக இருக்கிறது. பூவில் தொங்குகிற கருவண்டுதான் நனைகிறது. மருந்துக்குப் பதிலாக, புழு குடைந்து வாடிய தண்டு நுனியைக் கிள்ளி அழிக்கலாம், பெண் பூச்சியின் வாசனையைக் காட்டி இழுக்கிற இனக்கவர்ச்சிப் பொறி வைத்து, இந்தப் புழு வளர்ந்து ஆகிற ஆண் அந்துப்பூச்சியைப் பிடிக்கலாம். ஆனால் ஒன்றிரண்டு சொத்தை தப்பி வரும். அதை நாம் வாங்கினால்தானே அவர் துணிவார்? நறுக்கும்போது அந்தப் பக்கத்தை மட்டும் வெட்டிப் போட்டால் போதும்.

வண்டுக்குக் கூடு வைக்கக் காய்ந்த மரமும் வேண்டும். வேலியோரத்துப் பட்ட மரத்தை விட்டுவையுங்கள். புதுச்சேரிக்குப் பக்கத்தில் இருக்கிற கீழ்புத்துப்பட்டு அய்யனார் கோவில் காடு மாதிரி இடங்கள் இதற்காகவே நிலைக்க வேண்டும்.

உங்கள் வீட்டுக் கத்தரிச் செடியில் காலையில் அந்த ரீங்காரம் கேட்டால், போனில் பதிவு செய்து அனுப்புங்கள். எந்த ஊர் என்பதையும் எழுதுங்கள்.