ஓசூர்க் கடைக் கிழங்கும் மெக்சிகோ சாலட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

பச்சைக் காயைக் கீறி, அதில் உப்பும் மிளகாய்த்தூளும் தடவித் தின்பது நமக்குப் புதிதில்லை. மாங்காய்க் காலம் வந்தால் கிருஷ்ணகிரியிலும் காவேரிப்பட்டணத்திலும் பள்ளிக்கூட வாசலில் இதுதான் வியாபாரம். மெக்சிகோ நாட்டுத் தெருக்களிலும் இதே வியாபாரம் நடக்கிறது. தள்ளுவண்டியில் மாங்காய், வெள்ளரி, தர்பூசணி எல்லாம் துண்டு போட்டு வைத்திருப்பார்கள். கேட்டவுடன் எலுமிச்சை பிழிந்து, உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக் கையில் கொடுப்பார்கள். அந்த வண்டியில் வெள்ளை வெளேர் என்று ஒரு கிழங்கும் இருக்கும். அதன் பெயர் ஹிகாமா. நம்மில் பலர் அதைப் பார்த்திருக்க மாட்டோம். ஆனால் இப்போது அது நம் மாவட்டத்துக்குள்ளேயே கிடைக்கிறது.

ஓசூர் சிப்காட் பக்கம் போனால் பீகார், ஒடிசா, மேற்கு வங்கம், ஜார்க்கண்ட் என்று பல மாநிலத்துத் தொழிலாளர்கள் குடியிருக்கிறார்கள். அவர்களுக்காகவே சில காய்கறிக் கடைகள் வந்திருக்கின்றன. நாம் வாங்காத காய்கள் அங்கே இருக்கும். மார்கழி, தை மாதங்களில் அப்படி ஒரு கடையில்தான் இந்தக் கிழங்கைப் பார்த்தேன். உருண்டையாக, அடியில் கொஞ்சம் கூம்பி, மண் நிறத்தில் இருந்தது. கடைக்காரத் தம்பி பீகார்க்காரர், தமிழ் நன்றாகவே பேசினார். “இதை என்ன தம்பி செய்வீங்க?” என்று கேட்டேன். “ஒண்ணும் செய்ய வேண்டாம்கா. தோலை உரிச்சு அப்படியே சாப்பிடுங்க. எங்க ஊர்ல சரஸ்வதி பூஜைக்கு இதை வெச்சுதான் கும்பிடுவோம்” என்றார்.

வட இந்தியாவில் இதற்கு மிஸ்ரிகந்த் என்று பெயர். வங்காளிகள் சாங்காலு என்பார்கள். கடையில் இந்தப் பெயர்களைச் சொல்லிக் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். இதன் சொந்த ஊர் மெக்சிகோவும் அதை ஒட்டிய மத்திய அமெரிக்காவும். ஸ்பானியர்கள் கப்பலில் பிலிப்பைன்ஸுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து தென்கிழக்கு ஆசியா முழுக்கப் பரவியது. மலேசியாவில் ரோஜாக் என்ற காய், பழக் கலவையைச் சாப்பிட்டவர்கள் பெயர் தெரியாமலே இதைத் தின்றிருப்பார்கள்.

கிழங்கு என்றவுடன் நம் கை குக்கரைத் தேடும். வேகவைப்போம், இல்லையென்றால் சேப்பங்கிழங்கு மாதிரி வறுப்போம். பழக்கமில்லாத காய் எது வந்தாலும் சாம்பாரில் போடலாமா, பொரியல் ஆகுமா என்றுதான் முதலில் யோசிக்கிறோம். என் எண்ணம் வேறு. விற்பவரிடம் அவர் வீட்டில் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள். பச்சையாகத் தின்னலாம் என்று அவர் சொன்னால், எதுவும் சேர்க்காமல் ஒரு துண்டை மென்று பாருங்கள். அதில் என்ன இருக்கிறது, என்ன குறைகிறது என்று நாக்கு சொல்லிவிடும். மசாலாவைப் பற்றி அப்புறம் யோசித்துக்கொள்ளலாம்.

ஹிகாமாவைக் கடித்தால் நறுக்கென்று உடைந்து வாய் முழுக்கத் தண்ணீர் வரும். இளசான நூக்கலைப் பச்சையாகத் தின்றது போல இருக்கும், ஆனால் நூக்கலின் வாடை கிடையாது. மெல்லிய இனிப்பு உண்டு. புளிப்பு இல்லை, காரம் இல்லை, மணமும் அதிகம் இல்லை. எடையில் கிட்டத்தட்ட 90 சதவீதம் தண்ணீர்தான். 100 கிராமில் 40 கலோரிக்கும் குறைவு, நார்ச்சத்து மட்டும் சுமார் 5 கிராம். இப்படிப்பட்ட காய்க்குப் புளிப்பும் காரமும் உப்பும் வெளியிலிருந்துதான் வர வேண்டும். மெக்சிகோக்காரர்கள் எலுமிச்சையும் மிளகாயும் போட்டது இதனால்தான்.

நான் கிராமங்களில் மகளிர் குழுக்களுக்குச் சமையல் சொல்லிக்கொடுக்கிறவள். பாலக்கோடு பக்கம் ஒரு குழுவுக்குப் போனபோது அந்தக் கிழங்கைப் பையில் எடுத்துப் போனேன். வேறு எதுவும் வாங்கிப் போகவில்லை, அங்கே இருப்பதை வைத்துத்தான் செய்வது என்று முடிவு. ஒரு வீட்டில் கமலா ஆரஞ்சு இருந்தது. கொல்லையில் கொத்தமல்லி இருந்தது. சின்ன வெங்காயமும் எலுமிச்சையும் காய்ந்த மிளகாயும் எந்த வீட்டிலும் இருக்கும். நிலக்கடலைக்குத் தருமபுரி மாவட்டத்தில் பஞ்சமே இல்லை. சரி, இது போதும் என்று உட்கார்ந்தோம்.

ஆரஞ்சைப் பார்த்தவுடன் எனக்கு மெக்சிகோவின் யுகட்டான் பகுதி நினைவுக்கு வந்தது. அங்கே ஷெக் என்று ஒரு சாலட் உண்டு. ஹிகாமாவும் ஆரஞ்சு வகைப் பழங்களும் கொத்தமல்லியும் மிளகாய்த்தூளும் சேர்த்துச் செய்வார்கள். நவம்பர் மாதத் தொடக்கத்தில், இறந்துபோன முன்னோரை நினைத்து வீட்டில் படையல் போடும் நாட்களில் அதைச் செய்வது வழக்கம். குவாதலஹாரா ஊர்ப் பக்கமும் ஹிகாமா, ஆரஞ்சு, வெள்ளரி சேர்த்து இப்படி ஒன்று செய்கிறார்கள். நாங்கள் செய்தது அச்சாக அது இல்லை. அவர்கள் போடும் நார்த்தை போன்ற புளிப்பு ஆரஞ்சு எங்களிடம் இல்லை, நாங்கள் போட்ட கடலை அவர்கள் சாலட்டில் இல்லை.

செய்முறைக்கு வருகிறேன். அரைக் கிலோ அளவில் ஒரு கிழங்கு எடுத்துக்கொள்ளுங்கள். கெட்டியாக, தோலில் பூஞ்சை இல்லாமல் இருக்க வேண்டும். ரொம்பப் பெரிய கிழங்கு நாராகவும் மாவாகவும் இருக்கும், வேண்டாம். நன்றாகக் கழுவிவிட்டுக் கத்தியால் மேல்பக்கம் ஒரு வெட்டுக் கொடுத்து இழுத்தால் தோல் பட்டையாக உரிந்து வரும். தோலுக்கு அடியிலும் நாராக ஒரு படலம் இருக்கும், அதையும் எடுத்துவிடுங்கள். விட்டால் பல்லில் மாட்டும். விரல் நீளத்துக்குக் குச்சி குச்சியாக நறுக்குங்கள். வெட்டி வைத்தால் வாழைக்காய் போலக் கறுக்காது, அதனால் அவசரமில்லை.

இனி மிளகாய். சாலட்டே இதில்தான் இருக்கிறது. நம் வீட்டு டப்பாவில் இருப்பது பெரும்பாலும் குழம்பு மிளகாய்த்தூள். அதில் மல்லி, மஞ்சள், சீரகம் எல்லாம் அரைத்திருக்கும். அதைப் பச்சைக் காய்மேல் தூவினால் வேகாத குழம்பின் வாடை வரும். தனி மிளகாய்த்தூள்தான் வேண்டும். அதைவிட நல்லது, அப்போதே வறுத்துப் பொடிப்பது. நான்கு காய்ந்த மிளகாயின் காம்பைக் கிள்ளி, விதையை உதறிவிடுங்கள். காரம் குறைவாக வேண்டுமென்றால் கர்நாடகத்து பேடகி மிளகாய் எடுத்துக்கொள்ளலாம், நம் எல்லை மாவட்டத்தில் அது சுலபமாகக் கிடைக்கும். எண்ணெய் விடாமல் வெறும் தோசைக்கல்லைக் காயவைத்து, மிளகாயைப் போட்டு அழுத்திப் புரட்டுங்கள். அரை நிமிஷம்கூட வேண்டாம். மணம் கிளம்பிய நொடியில் எடுத்துவிட வேண்டும். கறுத்தால் கசக்கும், அதை எலுமிச்சையாலும் சரிசெய்ய முடியாது. மெக்சிகோ வீடுகளில் நம் தோசைக்கல் மாதிரியே ஒரு தட்டைக் கல்லில் இப்படித்தான் மிளகாயை வாட்டுகிறார்கள். ஆறியதும் கல்லுப்பு கொஞ்சம் சேர்த்து அம்மியிலோ சின்ன உரலிலோ கரகரப்பாக இடியுங்கள். மிக்ஸியில் போட்டால் மாவாகிவிடும், நாக்கில் ஒரேயடியாக ஏறும். கரகரப்பாக இருந்தால் ஒரு வாயில் காரமும் அடுத்த வாயில் இனிப்புமாக மாறி மாறி வரும்.

கமலா ஆரஞ்சு இரண்டை உரித்து, வெள்ளை நாரும் விதையும் எடுத்துச் சுளையை இரண்டாகக் கிள்ளிப் போடுங்கள். சின்ன வெங்காயம் ஐந்தாறு, மெல்லிசாக அரிந்து தண்ணீரில் ஒரு அலசு அலசினால் நெடி போய்விடும். ஒரு எலுமிச்சையைப் பிழிந்து கிழங்கில் கலந்து பத்து நிமிஷம் வைத்துவிட்டு, ஆரஞ்சு, வெங்காயம், கிள்ளிய கொத்தமல்லி எல்லாம் சேர்த்துப் புரட்டுங்கள். மிளகாயும் உப்பும் பரிமாறும்போதுதான். முன்னாலேயே போட்டால் கிழங்கு தண்ணீர் விட்டுத் தொய்ந்துபோகும். கடைசியாக, வறுத்துத் தோல் நீக்கி ஒன்றிரண்டாக உடைத்த நிலக்கடலை ஒரு கைப்பிடி.

குழுவில் வயதான அம்மா ஒருவர், “இதுல என்னம்மா சமையல் இருக்குது? அறுத்து வெச்சுட்ட, அவ்ளோதானே” என்று கேட்டார். கேட்டபடியே தட்டைக் காலி செய்தார். அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். அடுப்பில் ஏறாதது சமையல் இல்லை என்று நாம் நினைக்கிறோம். ஆனால் நார் போக உரிப்பதும், மிளகாயைக் கருகாமல் வாட்டுவதும், உப்பை எப்போது போடுவது என்று அறிவதும் கைப்பழக்கத்தில் வரும் வேலைகள். அவை சமையல்தான் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

மெக்சிகன் சாலட் என்ற பெயரில் சில ஓட்டல்களில் மயோனைஸும் சீஸும் ஸ்வீட்கார்னும் குழைத்துத் தருகிறார்கள். இந்தக் கிழங்குக்கு அது கொஞ்சமும் ஆகாது. அதன் நறுக்கென்ற கடியும் தண்ணீரும் மயோனைஸில் மூழ்கிவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மிளகாயும் தக்காளியும் மெக்சிகோவில் பயிரானவை. மிளகாயைப் போர்ச்சுகீசியர்கள் 16ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். இன்றைக்கு ராயக்கோட்டையும் பாலக்கோடும் தக்காளி மண்டிக்குப் பேர்போன ஊர்கள். நம் பக்கத்திலிருந்து அங்கே போனவையும் உண்டு. மாம்பழம் பிலிப்பைன்ஸ் வழியாகக் கடல் தாண்டியது. 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் மெக்சிகோவின் அகபுல்கோ துறைமுகத்துக்கும் இடையே கப்பல்கள் ஓடின. மெக்சிகோவில் இன்றும் ஒரு மாம்பழ வகைக்கு மணிலா என்றே பெயர். மெக்சிகோ எலுமிச்சை என்று உலகம் சொல்லும் சின்ன எலுமிச்சையும் ஆசியாவிலிருந்து போனதுதான், நம் வீட்டு எலுமிச்சையின் இனம். புளியையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. புளித்தண்ணீரில் சர்க்கரை போட்டுக் குடிக்கிறார்கள், புளியில் மிளகாய் சேர்த்து மிட்டாய் செய்கிறார்கள்.

அந்தப் புளி மிட்டாயை நினைத்து அடுத்த முறை எலுமிச்சைக்குப் பதிலாகப் புளி போட்டுப் பார்த்தேன். கிருஷ்ணகிரிப் புளி ஒரு நெல்லிக்காய் அளவு, கெட்டியாகக் கரைத்து, வெல்லம் கொஞ்சம், வாட்டிய மிளகாய், உப்பு சேர்த்துக் கிழங்கில் புரட்டினேன். இதில் ஆரஞ்சு வேண்டாம், வெள்ளரி போடலாம். எனக்கு முதலில் செய்ததைவிட இதுதான் பிடித்தது. ராகிக் களியோடு இது ஒத்துவராது, களிக்குக் கடைசலும் குழம்பும்தான் சரி. ஆனால் வெயில் நேரத்தில் கம்பங்கூழுக்குக் கடித்துக்கொள்ள இதைவிட நல்லது கிடைக்காது.

ஒரு எச்சரிக்கை. இது அவரை, பயறு குடும்பத்துக் கொடி. மண்ணுக்கு மேலே நெற்றுப் பிடிக்கும். அந்த நெற்றையும் விதையையும் இலையையும் யாரும் தின்னக்கூடாது. விதையில் ரோட்டினோன் என்ற நஞ்சு இருக்கிறது, அது பூச்சி கொல்லப் பயன்படுவது. கிழங்கு மட்டும்தான் உணவு. பயிர் செய்கிறவர்கள் கிழங்கு பெருக்க வேண்டும் என்று பூவையே கிள்ளிவிடுவார்கள். விதை வாங்கி நட்டுப் பார்க்க நினைப்பவர்கள் அதைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். கிழங்கையும் முதல் நாளே நிறையத் தின்ன வேண்டாம், சிலருக்கு வயிறு உப்பும்.

பென்னாகரம், அரூர் பக்கம் இருப்பவர்கள் இதற்காக ஓசூர் வரை போக வேண்டாம். சௌசௌவும் மெக்சிகோ பக்கத்துக் காய்தான். பிஞ்சாக வாங்கி, தண்ணீருக்குள் வைத்தபடியே தோல் சீவுங்கள், இல்லையென்றால் அதன் பால் கையில் பிசுபிசுவென்று ஒட்டும். கொட்டையை எடுத்துவிட்டு இதே மாதிரி பச்சையாக நறுக்கிப் போடலாம். ஹிகாமா கிடைத்தவர்கள் முழுக் கிழங்கை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், அந்தக் குளிர் அதைக் கெடுத்துவிடும். ஈரமில்லாத நிழலில் வைத்தால் இரண்டு வாரம் தாங்கும். வெட்டிய பாதியை மட்டும் மூடி ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். வணக்கம்.