பல் அடைப்பு ஏன் ஓரத்தில் ஒழுகுகிறது?

[திரையில்: நெடுக்காக இரண்டாக அறுத்த ஒரு பல். வெள்ளை அடைப்பின் கீழோரத்தில் நீலக் கோடு.]

வணக்கம். திரையில் தெரிவது ஒரு முன்கடைவாய்ப்பல். பல்வரிசையைச் சீராக்கக் கம்பி கட்டும்போது, இடம் வேண்டும் என்பதற்காக எடுத்த நல்ல பல். சொத்தையே இல்லாத அதில் வேண்டுமென்றே குழி எடுத்து, ஃபில்லிங் வைத்து, 5 டிகிரி தண்ணீரிலும் 55 டிகிரி தண்ணீரிலும் மாற்றி மாற்றி நூற்றுக்கணக்கான தடவை முக்குவார்கள். ஐஸ்கிரீமும் சூடான காபியும் பல மாதங்களில் செய்வதைச் சீக்கிரமே செய்துபார்க்கும் ஏற்பாடு இது. அப்புறம் மெத்திலீன் புளூ சாயத்தில் ஊறவைத்து, வைரத் தகட்டால் அறுத்துப் பார்ப்பார்கள். பல் மருத்துவக் கல்லூரிகளில் முதுநிலை மாணவர்களின் ஆய்வுகளில் இந்தச் சோதனை அடிக்கடி வரும்.

மேலோரத்தைப் பாருங்கள், சாயம் ஏறவில்லை. கீழே, ஈறுப் பக்கம், நீலம் சுவரோடு ஒட்டி உள்ளே போயிருக்கிறது. பல்லும் ஒன்று, மருந்தும் ஒன்று, வைத்த கையும் ஒன்று. பிறகு ஏன் ஓர் ஓரம் தாங்கியது, இன்னோர் ஓரம் விட்டுக்கொடுத்தது?

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சாயத்தின் மூலக்கூறு பாக்டீரியாவைவிட மிகமிகச் சிறியது. அதனால் சாயம் போன இடமெல்லாம் சொத்தை வந்தே தீரும் என்றில்லை. ஆனால் பலவீனமான ஓரம் எது என்று இது காட்டிக்கொடுத்துவிடும்.

[திரையில்: கடலூர், மஞ்சக்குப்பம். கிளினிக் உள்ளே.]

எங்கள் கிளினிக்கில் வாரம் தவறாமல் வரும் கேள்வி: "எந்தக் கம்பெனி சிமெண்ட் சார் வைக்கிறீங்க?" கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் என் கணக்கில் அது மூன்றாவது கேள்வி. குழியின் ஓரம் பல்லின் கடினமான வெளிக்கவசமான எனாமலில் முடிகிறதா, அதற்கு உள்ளே இருக்கும் டென்டினில் முடிகிறதா என்பது முதல் கேள்வி. ஒட்டும் நேரத்தில் அந்த இடம் எப்படி இருந்தது என்பது இரண்டாவது. ஐப்பசி மழையில் நம்ம ஊர் மொட்டைமாடி எங்கே ஒழுகும்? தளத்தின் நடுவில் அபூர்வம். தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையில்தான் ஒழுகும். பல் அடைப்பும் அப்படித்தான்.

[திரையில்: பழைய வெள்ளி அடைப்பு. குழியின் குறுக்குவெட்டு.]

முதலில் குழி. அமெரிக்கரான ஜி. வி. பிளாக் நூறு வருஷத்துக்கு முன் வகுத்த முறையில், குழியைத் தாராளமாக வெட்டுவார்கள். வெள்ளி அடைப்பு, அதாவது அமால்கம், பல்லோடு தானாக ஒட்டாது. உள்ளே அகலமாகவும் வாயில் குறுகலாகவும் குழி எடுத்து, அதில் சிக்கவைக்க வேண்டும். ஒரு வேடிக்கை என்னவென்றால், புதிதாக வைத்த அமால்கத்தின் ஓரம் கசியும். நாள்பட நாள்பட அது அரித்து, அந்த அரிமானப் பொருளே இடுக்கை அடைத்துக்கொள்ளும். வெள்ளை ஃபில்லிங்குக்கு அந்த வரம் கிடையாது. வைத்த அன்று கிடைத்த ஒட்டுதான் அதன் மூலதனம். போகப்போகக் குறையுமே தவிர ஏறாது.

வெள்ளை ஃபில்லிங்குக்கு, அதாவது காம்போசிட்டுக்கு, சொத்தையை மட்டும் எடுத்தால் போதும். பல் மிச்சமாகும். ஆனால் ஓரத்தை எப்படி வெட்டுகிறோம் என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது.

எனாமல் எடையில் சுமார் 96 சதவீதம் தாது. அது மெல்லிய கம்பிகள் அடுக்கினாற்போல உள்ளிருந்து வெளிநோக்கி நிற்கிறது. கம்பிகளின் நுனி தெரியும்படி வெட்டினால் ஒட்டு நன்றாகப் பிடிக்கும். பக்கவாட்டு தெரியும்படி வெட்டினால், ஃபில்லிங் சுருங்கும்போது எனாமலே சிராய் சிராயாகப் பிய்ந்துவிடும். ஃபில்லிங் வைத்த சில நாளில் ஓரத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு ஒன்று தெரிந்தால், பல சமயம் அது இதுதான். முன்பற்களில் ஓரத்தைச் சாய்வாகச் சீவுவது நுனிகளை வெளிக்கொண்டுவரத்தான். கடைவாய்ப்பல்லின் மெல்லும் பரப்பில் அப்படிச் சீவ வேண்டியதில்லை. அங்கே கம்பிகளின் சாய்வினால் நேராக வெட்டினாலே நுனி கிடைக்கும். சீவினால் ஃபில்லிங்கின் ஓரம் மெலிந்து, பண்ருட்டி முந்திரியை நாலு நாள் மென்றால் பெயர்ந்துவரும்.

[திரையில்: நீல நிற ஜெல் வைப்பது, மிக அருகில்.]

இனி ஒட்டு. 1955-இல் மைக்கேல் பூனோகோர் என்ற பல் மருத்துவர், பாஸ்பாரிக் அமிலத்தால் எனாமலைச் சற்று அரிக்கவிட்டால் பிளாஸ்டிக் அதில் பிடித்துக்கொள்ளும் என்று காட்டினார். அவர் பயன்படுத்தியது 85 சதவீத அமிலம். இன்று பெரும்பாலும் 37 சதவீத ஜெல். எனாமலில் 15 முதல் 30 விநாடி வைத்து, கழுவி, காற்றடித்தால் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுக்கும். வெளுத்தால் சரி. எனாமலோடு நமக்குத் தகராறே இல்லை.

தகராறெல்லாம் டென்டினில்தான். எடையில் சுமார் 70 சதவீதம் தாது, மீதி கொலாஜன் நாரும் தண்ணீரும். பல்லின் உயிர்ப்பகுதி வரை போகும் நுண்குழாய்கள் அதில் நிறைந்திருக்கின்றன. அமிலம் பட்டதும் தாது கரைந்து, கொலாஜன் வலை மட்டும் தண்ணீரில் மிதந்துகொண்டு நிற்கும். அந்த வலைக்குள் பாண்டிங் திரவம், அதாவது ஃபில்லிங்கைப் பல்லோடு பிடித்துவைக்கும் ஒட்டு, ஊறி இறுக வேண்டும். இந்தக் கலப்படலத்தை 1982-இல் ஜப்பானின் நகபயாஷி குழு விளக்கியது.

இங்கேதான் கை தவறும் இடங்கள் வரிசையாக வருகின்றன. எனாமலை வெளுக்கவைத்ததுபோல் டென்டினையும் காற்றடித்துக் காயவைத்தால், வலை சரிந்து படிந்துவிடும். பாண்டிங் உள்ளே போகாது. ஃபில்லிங் முடிந்து வீட்டுக்குப் போனதும் பல் சுரீரென்று கூசும். பயந்துபோய் ஈரத்தை அதிகமாக விட்டால் திரவம் நீர்த்துப்போகும். அமிலத்தை 15 விநாடிக்கு மேல் விட்டால், அரிப்பு ஆழமாகப் போய், பாண்டிங் எட்டாத அடிப்பகுதி வெற்று வலையாக நின்றுவிடும். பிற்பாடு தண்ணீர் அதைச் சிதைக்கும். தேவை ஒரு மினுமினுப்பு மட்டும். தேங்கியும் நிற்கக் கூடாது, மங்கியும் போகக் கூடாது.

அதனால்தான் செல்ஃப் எட்ச் என்ற வகை வந்தது. அமிலமும் ஒட்டும் ஒன்றாகவே போகும், கழுவும் வேலை இல்லை. அரித்த ஆழமும் ஊறிய ஆழமும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் கூச்சம் குறைவு. ஆனால் இதன் அமிலம் மென்மையானது, எனாமலில் அவ்வளவாகப் பதியாது. நான் விரும்புவது இரண்டையும் சேர்த்த வழி: எனாமல் ஓரத்தில் மட்டும் நீல ஜெல், டென்டினுக்கு ஜெல்லே இல்லை, அப்புறம் மேலே எல்லா இடத்திலும், ஜெல் வைத்த இடத்துக்கும் வைக்காத இடத்துக்கும் பொருந்தும் யுனிவர்சல் பாண்டிங். 10-எம்.டி.பி. என்ற வேதிப்பொருள் உள்ள பாண்டிங் என்றால் கால்சியத்தோடு வேதிப்பிணைப்பும் கிடைக்கும். ஜெல் டென்டினில் வழியாமல் ஓரத்தில் மட்டும் வைக்கப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

பாண்டிங் பாட்டிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல பாண்டிங்குகளில் அசிட்டோனோ ஆல்கஹாலோ கரைப்பானாக இருக்கிறது. அக்னி நட்சத்திரத்தில் மூடியைத் திறந்தே வைத்திருந்தால் அது பறந்துவிடும், மிஞ்சுவது கெட்டிப்பாகு. பெரிய கம்பெனி பாட்டிலும் அப்போது சின்ன கம்பெனி வேலைதான் செய்யும்.

[திரையில்: ரப்பர் டேம் மாட்டிய வாய்.]

அடுத்து ஈரம். அரித்த எனாமலில் எச்சில் பட்டால் அதன் புரதம் படலமாகப் படிந்துவிடும், மறுபடி அமிலம் வைத்துத்தான் ஆக வேண்டும். மூச்சுக்காற்றின் ஈரப்பதமே போதும், ஒட்டு குறைய. கடலூர், புதுச்சேரிக் கடற்கரைப் புழுக்கத்தில் சொல்லவே வேண்டாம். பல்லை மட்டும் வெளியே விட்டு எச்சிலைத் தடுக்கும் ரப்பர் டேம் என்ற விரிப்பு 1864-லிருந்து இருக்கிறது. ஆனாலும் மாட்டினால் முகம் சுளிக்கிறவர்கள் அதிகம். "இன்னா தம்பி, அடைக்கிறதவுட காயவைக்கிறதுக்கே நேரம் ஆவுது" என்றார் நெல்லிக்குப்பத்திலிருந்து வந்த ஆயா ஒருவர். சரியாகத்தான் சொன்னார். நேரம் அங்கேதான் போக வேண்டும்.

[திரையில்: நீல லைட்.]

நீல லைட் பட்டு காம்போசிட் இறுகும்போது கன அளவில் சுமார் 2 முதல் 3 சதவீதம் சுருங்கும். பெட்டி போன்ற குழியில் ஐந்து பக்கம் ஒட்டியிருக்கும், ஒரு பக்கம்தான் திறந்திருக்கும். சுருக்கம் விட்டுக்கொடுக்க இடம் இல்லாமல் சுவர்களை இழுக்கும். எந்த ஒட்டு பலவீனமோ அது பிரியும். 2 மில்லிமீட்டர் தடிமனில் கொஞ்சம் கொஞ்சமாக வைப்பது இதற்காகவும்தான். இழுவை அதனால் எவ்வளவு குறைகிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள் விவாதம் உண்டு. லைட் அடிவரை எட்டுகிறது என்பதில் யாருக்கும் விவாதமில்லை.

[திரையில்: மீண்டும் நீலக் கோடு உள்ள பல்.]

இப்போது அந்தக் கீழோரத்தைப் பாருங்கள். இரண்டு பற்களுக்கு நடுவில் வரும் சொத்தை ஈறு வரை இறங்கிவிட்டால், அங்கே எனாமல் மிக மெல்லியதாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. ஓரம் டென்டினிலோ வேரின் மேல்பூச்சிலோ முடியும். ஈறிலிருந்து ரத்தமும் ஈரமும் கசியும். லைட்டின் முனையிலிருந்து தூரமும் அதுதான் அதிகம். பலவீனமெல்லாம் ஒரே இடத்தில் கூடிவிடுகிறது.

இதற்கு எனக்குப் பிடித்த தீர்வு கிளாஸ் அயனோமர். 1972-இல் வில்சனும் கென்ட்டும் உலகுக்கு அறிவித்த சிமெண்ட் இது. கால்சியத்தோடு தானே பிணையும், கொஞ்சம் ஈரத்தைத் தாங்கும், ஃபுளோரைடு விடும். தேய்மானம் அதிகம் என்பதால் முழுப் பல்லையும் இதாலேயே அடைப்பதில்லை. அடியில் இதை ஓர் அடுக்கு, மேலே காம்போசிட். சாண்ட்விச் முறை என்று பெயர். அழகில் கொஞ்சம் குறையலாம், ஆனால் அந்த இடம் கண்ணாடியில் யாருக்கும் தெரியப்போவதில்லை.

உங்கள் பக்கம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பல்வலிக்குக் கிராம்பு எண்ணெய் வைத்துக்கொண்டு வந்தால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். அதிலுள்ள யூஜினால் காம்போசிட் இறுகுவதைத் தடுக்கும். நன்றாகச் சுத்தம் செய்தால் பெரிய பாதிப்பு இருக்காது, ஆனால் தெரிந்தால்தானே சுத்தம் செய்ய முடியும். பல் வெளுக்கும் சிகிச்சை செய்திருந்தாலும் சொல்லுங்கள். இரண்டு வாரம் கழித்து அடைப்பது நல்லது. ஃபில்லிங் வைத்த பிறகு கடித்தால் மட்டும் வலிக்கிறது என்றால் அடைப்பு உயரமாக இருக்கலாம், சீவிவிட்டால் பெரும்பாலும் சரியாகும். குளிர்ச்சிக்குக் கூசுவது நாளுக்கு நாள் குறைந்தால் பொறுத்துப் பாருங்கள். கூடிக்கொண்டே போனாலோ, ராத்திரியில் தானாகவே வலி எழுந்தாலோ, அடைத்தவரிடமே போய்க் காட்டுங்கள். வேர் சிகிச்சை வரை போகுமா என்பதை அவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துச் சொல்லட்டும்.