ரோமானியக் கோட்டைக் கல்லில் எழுந்த எஸ்கம் தேவாலயம்

இந்த வடக்குச் சுவரைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒரு கல்லில் எழுத்து தெரிகிறதா? தலைகீழாக இருக்கிறது. திருப்பிப் படித்தால், ரோமானியப் படையின் ஆறாவது லெஜியன் என்று லத்தீனில் சுருக்கமாகச் செதுக்கியிருப்பது புரியும்.

தேவாலயச் சுவரில் படையணியின் பெயருக்கு என்ன வேலை?

இங்கிலாந்தின் வடகிழக்கே, டர்ஹம் மாவட்டத்தில், வியர் ஆற்றுக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன ஊர் எஸ்கம். கொஞ்ச தூரத்தில் பின்செஸ்டர் என்ற ரோமானியக் கோட்டை இருந்தது. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமானியர் பிரிட்டனை விட்டுப் போனார்கள், கோட்டை பாழானது. அப்புறம் சுமார் 675 வாக்கில் ஆங்கிலோ-சாக்சன் மக்கள் இங்கே தேவாலயம் எழுப்பியபோது, புதிதாகக் கல் வெட்டப் போகவில்லை, செதுக்கித் தயாராகக் கிடந்த கோட்டைக் கல்லையே கொண்டுவந்து அடுக்கினார்கள். சில கற்களில் ரோமானியர் உளியால் போட்ட குறுக்குக் கோடுகள் இன்னும் அப்படியே இருக்கின்றன.

உள்ளே வாருங்கள். மண்டபம் ஒடுக்கம், ஆனால் நல்ல உயரம். ஜன்னல்கள் சின்னவை, சுவரில் ரொம்ப மேலே இருக்கின்றன. வெளிப்பக்கம் குறுகி உள்பக்கம் விரிவதால், வருகிற கொஞ்ச வெளிச்சமும் பரவி விழுகிறது. எனக்கு இங்கே மிகவும் பிடித்தது பீடத்துக்கு முன்னால் நிற்கும் வளைவுதான். இரண்டு பக்கத் தூண்களையும் பாருங்கள்: ஒரு கல் நெட்டுக்குத்தாக, அடுத்தது படுக்கையாகச் சுவரின் முழுக் கனத்துக்கும் ஊடுருவி, மறுபடி நெட்டுக்குத்தாக. படுக்கைக் கல் சுவரோடு பிடித்துக்கொள்வதால்தான் தூண் இவ்வளவு காலம் அசையாமல் நிற்கிறது. மேலே உள்ள வளைவே ஏதோ ரோமானியக் கட்டடத்திலிருந்து பிரித்துக் கொண்டுவந்து பொருத்தியது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

சரி, வெளியே தெற்குச் சுவருக்குப் போவோம். மேலே ஒரு சூரியக் கடிகாரம், அதைச் சுற்றி வளையும் ஒரு பாம்பு. இதில் மூன்றே கோடுகள்தான். பொழுதை நிமிடக் கணக்கில் அல்ல, ஜெப வேளைகளாகப் பிரித்துப் பார்த்த காலம் அது.

இவ்வளவும் நம் கைக்கு வராமலே போயிருக்கும். 1863இல் மேட்டில் புதிய தேவாலயம் கட்டினார்கள், இதைக் கைவிட்டுவிட்டார்கள், கட்டடம் சிதையத் தொடங்கியது. நல்லவேளையாக இதன் வயதைப் புரிந்துகொண்டவர்கள் வந்தார்கள். 1875க்கும் 1880க்கும் நடுவே பழுதுபார்த்தார்கள்.

மேட்டில் கட்டிய அந்தப் புதிய தேவாலயத்தை 1971இல் இடித்துவிட்டார்கள். ஊர் மக்கள் வழிபட வருவது இப்போதும் இங்கேதான்.